லேபிள் ஒட்டிய கை

"நான் பாட்டா படிச்சேன்? அழுதேம்லா."

பெரியம்மை இப்படிக் கேட்டபோது எங்களில் ஒருத்தரிடமும் பதில் இல்லை.

சுரண்டை காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு ஸ்கேனர், இரண்டு பழைய கம்ப்யூட்டர், மூட்டை மூட்டையாகத் தலித் சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள். கரையான் தின்றது போக மிச்சத்தையாவது படமெடுத்து இணையத்தில் ஏற்றி, ஒரு ஆவணகமாக ஆக்கிவிட வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேர் இறங்கியிருக்கிறோம். கூடவே தெருத்தெருவாகப் போய் வயதானவர்களின் வாக்குமூலங்களையும் ஒலிப்பதிவு செய்கிறோம்.

பெரியம்மையின் பதிவு 47 நிமிடம். பெரியப்பா ஒருநாள் குளத்து மடை திறக்கிற முறை பற்றி வாய்திறந்து கேட்டார். அன்றைக்கு ராத்திரி அவரை இழுத்துப்போட்டு அடித்தார்கள். விடிந்து பார்த்தால் வயக்காட்டில் பிணம். ஸ்டேஷனில் எழுதிய காரணம்: தீராத வயிற்றுவலி, மனமுடைந்து விஷம் அருந்தினார். எங்கள் பக்கத்துப் பிணங்களுக்கு எத்தனை வயிற்றுவலி! இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், முப்பதாவது நிமிடத்தில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். நாலு நிமிடம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மடை, தண்ணி, அடித்தவர்கள் பெயர் என்று தொடர்ந்தாள்.

இந்தப் பதிவை ஏற்றுகிறபோது எங்கள் தம்பி ஒருவன் இப்படிப் பதிந்திருந்தான். வகை: நாட்டுப்புறவியல். உள்வகை: ஒப்பாரி. குறிச்சொற்கள்: வாய்மொழி மரபு, பெண்கள், சுரண்டை வட்டாரம்.

பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் எங்கள் பையன். நான் எம்.ஏ. தமிழில் படித்ததும் அதே வகைப்பாடுதான். பாட்டி அழுதால் ஒப்பாரி, அம்மா ஆட்டினால் தாலாட்டு, அப்பன் ஏற்றம் இறைத்தால் தொழிற்பாடல். பாடியவருக்குப் பெயர் கிடையாது, தேதி கிடையாது, ஏன் அழுதாள் என்கிற கேள்வி கிடையாது. சேகரித்த பேராசிரியருக்கு மட்டும் பெயர் உண்டு.

பதிந்ததைப் பெரியம்மைக்கு வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் அப்படிக் கேட்டாள். ஸ்டேஷனில் ஒரு லேபிள், எங்கள் அறையில் ஒரு லேபிள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொலை காணாமல் போய்விட்டது.

*

எங்கள் ஆவணகத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து தருகிற நண்பர் சொன்னார்: "அக்கா, டேக், கேட்டகரி எல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம். தேடுறவனுக்கு ஈஸியா கிடைக்கணும், அவ்வளவுதான். இதுக்குள்ளயும் சாதி அரசியலக் கொண்டு வராதீங்க."

கொண்டு வராதீங்க என்கிறார். அது ஏற்கெனவே உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயம் இன்னதென்று தெளிவாக வைத்துக்கொள்வோம். வகைப்பாடு என்பது மரம் மாதிரி. இலக்கியம் ஒரு கிளை, அதில் புனைகதை ஒரு கொப்பு, அதில் நாவல் ஒரு இணுக்கு. ஒரு புத்தகம் ஒரு இணுக்கில்தான் உட்கார முடியும். நூலக அலமாரியில் ஒரு புத்தகம் ஒரே இடத்தில்தானே இருக்க முடியும்? அந்த மரக்கட்டையின் விதியே மண்டையின் விதியாகவும் ஆகிவிட்டது. குறிச்சொல் அப்படி அல்ல. பொட்டலத்தில் ஒட்டுகிற சீட்டு. ஒரே ஆவணத்துக்குப் பத்துச் சீட்டு ஒட்டலாம். கூலி, தண்ணீர், கொலை, பெண், ஒப்பாரி என்று எதைச் சொல்லித் தேடினாலும் அது அகப்படும். மரம் ஒரு பிறப்புக்கு ஒரு இடம் என்கிறது. சீட்டு அப்படிக் கட்டிப்போடுவதில்லை. எங்களுக்கு எது தோது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் சீட்டை நினைத்து ரொம்பவும் துள்ள வேண்டாம். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு லேபிள் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றி, கட்டாக்கி, பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போடுவாள். அங்கே கழிக்கிறது போகக் கணக்கு. பிறகு அதன்மேல் கம்பெனி லேபிள் ஏறும். அதற்கப்புறம் அது அம்மா சுற்றிய பீடி இல்லை, கம்பெனிப் பீடி. சுற்றிய கை மறைந்து ஒட்டிய கை மட்டும் நிற்கும். அறிவுத்துறையிலும் இதுதான் நடக்கிறது. ஆகவே டேக் என்றதும் நான் முதலில் கேட்பது: எந்தக் கை ஒட்டியது?

*

நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் பாமாவின் 'கருக்கு' (1992) தமிழ் இலக்கிய அலமாரியில் இல்லை. மூன்று நாள் தேடினேன். கடைசியில் சமூகவியல் அலமாரியில், வறுமை பற்றிய புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. கேட்டதற்கு, "அது இலக்கியம் இல்லம்மா, அந்த மக்களோட வாழ்க்கையப் பத்தின புக்" என்றார்கள். ஜானகிராமன் எழுதினால் தஞ்சாவூர் அக்கிரகாரத்து வாழ்க்கை இலக்கியம். பாமா எழுதினால் அது 'தகவல்'. நாங்கள் எழுத்தாளராக ஆக முடியாது, ஆய்வுப் பொருளாகத்தான் ஆக முடியும் என்பதை ஒரு எண் ஒட்டிச் சொல்லிவிட்டார்கள்.

உலகம் பூராவும் புழங்குகிற தசமப் பகுப்பை அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்துப் பெட்டியில் அடைத்தார். மதத்துக்கு 200. அதில் 220 முதல் 280 வரை கிறித்தவத்துக்கே பட்டா போட்டாயிற்று. இந்து, பௌத்தம், இஸ்லாம், யூதம் என்று உலகத்தின் மிச்ச மதங்களுக்கெல்லாம் கடைசியில் ஒரு 290. ஊருக்கு அகலத் தெரு, மற்றவர்களுக்கு ஒரே சந்து! இந்த டூயி நடத்திய கிளப்பில் யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடமில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் அவர் பெயரில் கொடுத்துவந்த பதக்கத்தின் பெயரையே 2019இல் மாற்ற முடிவுசெய்தது.

இதை எதிர்த்து முதலில் கை வைத்தவர்களில் ஒருத்தி கறுப்பினப் பெண். டோரதி போர்ட்டர். வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930இல் கறுப்பர்களின் நூல் தொகுப்பைப் பொறுப்பேற்றார். மற்ற நூலகங்களைப் பார்த்தால், கறுப்பர் எழுதியது எதுவானாலும் ஒன்று 326, அதாவது அடிமைத்தனம். அல்லது 325, குடியேற்றம். கவிதை எழுதினாலும் அடிமைத்தனம்தான், சரித்திரம் எழுதினாலும் அடிமைத்தனம்தான். போர்ட்டர் அந்த எண்களைத் தூக்கி எறிந்தார். கவிதையைக் கவிதையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். துப்பாக்கி தூக்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. அட்டை எழுதினார். அதுவும் கலகம்தான்.

'டெக்னிக்கல்' என்று சொல்கிற நண்பருக்கு இன்னொன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு 'சட்டவிரோத அந்நியர்' என்று ஒரு தலைப்பு இருந்தது. டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் அதை மாற்றக் கேட்டார்கள். 2016இல் நூலகம் ஒத்துக்கொண்டது. உடனே நாடாளுமன்றத்து உறுப்பினர்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். 2021இல்தான் அந்தத் தலைப்புப் போனது. ஒரு நூலக அட்டையின் தலைப்புக்காக நாடாளுமன்றமே கச்சை கட்டுகிறது என்றால் அது வெறும் டெக்னிக்கா?

*

வெள்ளைக்காரனை மட்டும் வைது தப்பித்துக்கொள்ள எனக்கு உத்தேசமில்லை. தமிழில் வகைப்பாட்டுக்குத் தொல்காப்பியத்தைவிடப் பெரிய நூல் எது? உயர்திணை, அஃறிணை. அகம், புறம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இந்த அழகைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஆசிரியர்கள் உருகுவார்கள். நானும் உருகியிருக்கிறேன். ஆனால் அகத்திணையியலில் அடியோரும் வினைவலரும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அன்பின் ஐந்திணைக்கு உள்ளே அல்ல. அதற்குப் புறம்பாக உள்ள கைக்கிளை, பெருந்திணையில். அடிமை வேலை செய்கிறவனும் பிறர் ஏவ உழைக்கிறவனும் காதலிக்கலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் அது நடுத்தெருக் காதல் ஆகாது, ஒருதலைக் காமத்துக்கும் பொருந்தாக் காமத்துக்கும் உரிய ஓரத்தில்தான் இடம். சேரி ஊருக்கு வெளியே இருப்பதற்கு முன்னாலேயே செய்யுளுக்கு வெளியே ஒரு சேரி போட்டாயிற்று. எம்.ஏ. வகுப்பில் நான் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் மரபும்மா" என்று அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார்கள்.

பிற்பாடு வெள்ளைக்காரன் சென்சஸ் எடுத்தான். 1901இல் ரிஸ்லி சாதிகளை மேலிருந்து கீழாக அடுக்கியே காட்டப் பார்த்தார். அரசாங்கத்து நோட்டில் என்ன பெயர் ஏறுகிறது என்பதே போராட்டக்களம் ஆயிற்று. எங்கள் முன்னோர் அதில் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லை எங்கள் முகத்தில் துப்பினார்களோ அதையே தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. எந்தச் சொல்லுக்குள் எங்களை அண்ட விடவில்லையோ அந்தச் சொல்லே எங்களுடையது என்றார். ஒருவர் வசவை எடுத்துக் கொடியாக்கினார், மற்றவர் வீட்டுச் சாவியையே கேட்டார். வழி வேறு, ஆனால் இரண்டிலும் ஒட்டிய கை எங்கள் கை.

1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்று வந்தது. காந்தி 'ஹரிஜன்' என்றார், 1933இல் அந்தப் பெயரில் பத்திரிகையும் நடத்தினார். அது எங்கள் கை ஒட்டியது அல்ல. 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அவர்கள் அறிக்கை தலித் என்பதற்குள் நிலமற்ற உழைப்பாளியையும் பெண்களையும் சேர்த்தே எண்ணியது. 2018இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை, 'தலித்' என்று சொல்லாதீர்கள், 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்றே சொல்லுங்கள் என்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. நாங்கள் ஒட்டிய சீட்டைக் கிழிக்கிறார்கள், அவர்கள் ஒட்டிய சீட்டை நிரந்தரமாக்குகிறார்கள்.

இதெல்லாம் பழங்கதை இல்லை, எங்கள் அறையில் அன்றாடத் தலைவலி. 2021இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, அட்டவணையில் இருந்த ஏழு சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்காக எங்கள் பக்கத்துச் சுவர்களில் எத்தனையோ வருஷம் சுண்ணாம்பில் எழுதியிருக்கிறார்கள். சரி, 1995ஆம் வருஷத்துத் துண்டறிக்கையில் ஒரு பெயர், இன்றைய பிள்ளை தேடுவது வேறு பெயர். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். இணைத்துவிடாவிட்டால் பேரன் தேடும்போது தாத்தா அகப்பட மாட்டார். பழைய பெயரை அழித்துவிட்டால் தாத்தா எந்தப் பெயரால் வையப்பட்டார் என்பதே மறைந்துவிடும். நூலகக்காரர்கள் இதற்கு 'காண்க' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய பெயரில் தேடினால், இன்ன பெயரில் காண்க என்று கைகாட்டும். நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பழைய பெயர் வழிகாட்டிப் பலகையாக இருக்கட்டும், வீட்டு வாசலில் வேண்டாம்.

*

இனி சம்பவங்களுக்கு வருவோம். இங்கேதான் ரத்தம் இருக்கிறது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசையில் 44 பேர். இதை எந்த அலமாரியில் வைப்பது என்று இன்றுவரை மல்லுக்கட்டு. அரைப்படி நெல் அதிகம் கேட்ட கூலிப் போராட்டம் என்கிறார்கள் இடதுசாரித் தோழர்கள். செத்தவர்கள் சேரிக்காரர்கள், ஏன் அதைச் சொல்ல மறுக்கிறீர்கள் என்று தலித் எழுத்தாளர்கள் கேட்டோம். அலமாரி என்றால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் இத்தனை சண்டை. சீட்டு என்றால் கூலியும் ஒட்டலாம், சாதியும் ஒட்டலாம், செங்கொடிச் சங்கமும் ஒட்டலாம், 1973இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்ததையும் ஒட்டலாம். இது சமரசம் அல்ல. சேரிக்காரியின் வயிறும் சாதியும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். விசாரணைக் கமிஷன் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. ஆவணகத்தில் இதற்கு என்ன குறிச்சொல்? 'விபத்து' என்றா? 'நீரில் மூழ்கிய மரணம்' என்றா? தண்ணி தானாக வந்து மேட்டில் நின்றவர்களை இழுத்துக்கொண்டு போயிற்றா?

எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லிவரை அதிர்ந்தது, தலைவர்கள் படை திரண்டு வந்தார்கள். இன்றைக்கும் எந்தப் பட்டியலில் தேடினாலும் 'மதமாற்றம்' என்ற தலைப்பில்தான் அந்த ஊர் கிடைக்கும். 'தீண்டாமை' என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது. எதற்குள் போனார்கள் என்பது எல்லாருக்கும் கவலை. எதிலிருந்து வெளியே போனார்கள் என்பதைச் சீட்டில் எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்தப் பட்டியல்களை வாசியுங்கள். குடிசைகள் எரிந்தன. மோதல் ஏற்பட்டது. பதற்றம் நிலவியது. உயிரிழப்பு நேர்ந்தது. எல்லாம் தன்வினை. எரித்தான் என்று ஒரு பிறவினை உண்டா? குடிசை எழுவாய், மோதல் எழுவாய், பதற்றம் எழுவாய். மனுஷன் மட்டும் எழுவாயாக வரமாட்டான். பாரதூரமான குற்றங்களையெல்லாம் இந்த ஒரு சின்ன இலக்கணத் தந்திரத்தில் கழுவிவிடுகிறார்கள். 'சாதி மோதல்' என்ற குறிச்சொல்லை எங்கள் ஆவணகத்தில் தடை செய்திருக்கிறோம். அடித்தவனும் அடிவாங்கியவனும் ஒன்று என்று சொல்கிற சொல் எங்களுக்கு வேண்டாம்.

*

இப்போது எங்கள் ஆட்களோடும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

'தலித் இலக்கியம்' என்ற சீட்டை நாங்கள்தான் 90களில் போராடி ஒட்டினோம். அது இல்லாமல் போயிருந்தால் இந்தப் பத்திரிகைகளும் இல்லை, நானும் எழுத வந்திருக்க மாட்டேன். ஆனால் சோ. தர்மன் அந்தப் பெயர் தனக்கு வேண்டாம் என்கிறார். இமையமும் வேண்டாம் என்கிறார். உடனே 'துரோகம்' என்று கத்துகிறோம். நான் அவர்களோடு முழுக்க உடன்படவில்லை. ஆனால் அவர்கள் பயப்படுவது எதற்கு என்று யோசிக்க வேண்டும். கொடியாக நாம் ஒட்டிய சீட்டை அடுத்தவன் வேலியாக்கிவிட்டான். நம் பெண் ஒருத்தி மழையைப் பற்றி எழுதினாலும் 'தலித் கவிதை', முத்தத்தைப் பற்றி எழுதினாலும் 'தலித் கவிதை'. காதல் என்று தேடுகிறவனுக்கு அவள் அகப்பட மாட்டாள். மறுபடியும் கைக்கிளை, பெருந்திணை! 'தலித்' என்ற சீட்டு முதலில் இருக்கட்டும். ஆனால் காதல், மழை, பேய், சமையல், நகைச்சுவை என்ற எல்லாத் தெருவிலும் அவளுக்கு வீடு வேண்டும்.

இன்னொன்று. தலித் எழுத்தாளர் என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. வெள்ளாள எழுத்தாளர், பார்ப்பன எழுத்தாளர் என்று எங்கேயாவது பார்த்தீர்களா? அவர்களெல்லாம் வெறும் 'எழுத்தாளர்', 'தமிழ் நாவல்', 'நவீனத்துவம்'. சாதி எங்களுக்கு மட்டும்தானா ஒட்டியிருக்கிறது? பெயர் இல்லாமல் இருப்பதுதான் பெரிய அதிகாரம். பாத்தியதை உள்ளவன் வீட்டுக்கு நம்பர் வேண்டாம், 'பெரிய வீடு' என்றால் போதும். ஆகவே எங்கள் கோரிக்கை இது: எங்கள் எழுத்துக்குச் சாதிச் சீட்டு ஒட்டினால், அக்கிரகாரத்துக் கதைக்கும் பண்ணையார் கதைக்கும் அதே பசையில் ஒட்டுங்கள். சாதி பற்றிப் பேசாத எழுத்துத்தான் சாதி பற்றி அதிகம் பேசுகிறது.

ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும். உயிரோடு இருக்கிற சாதாரண மனுஷர் பெயருக்குப் பக்கத்தில், அவர் சம்மதம் இல்லாமல், சாதியை எழுதி உலகம் பூரா தேடுகிற இடத்தில் தொங்கவிடக் கூடாது. திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ சாதியைச் சொல்லாமல் ஒரு பையன் வாடகை வீட்டில் இருப்பான். நம் ஆவணகம் அவன் சட்டையைப் பிடித்து நடுத்தெருவில் இழுத்துவிடும். எழுத்தாளன் தானே அறிவித்தால் அது அவன் கொடி. நாம் அறிவித்தால் அது காட்டிக்கொடுத்தல்.

*

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் கடை ஒன்றில் பிள்ளைகள் விளையாடுகிற மெக்கானோ துண்டுகளைப் பார்த்து, எண்களையும் இப்படிக் கோத்துப் பூட்டினால் என்ன என்று யோசித்து 1933இல் கோலன் பகுப்பைக் கொண்டுவந்தார். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகம் வைத்துப் பார்க்கலாம் என்றார். இன்றைக்கு இணையக் கடையில் விலை தனியாக, நிறம் தனியாக, அளவு தனியாகச் சல்லடை போட்டுத் தேடுகிறோமே, அதன் பின்னால் இதே யோசனைதான் இருக்கிறது. அவர் பிராமணர் என்பதற்காகக் கருவியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அரிவாள் எந்தப் பட்டறையில் அடித்ததாக இருந்தால் என்ன, அறுக்கிறது யார் கை என்பதுதான் கேள்வி.

நாங்கள் அந்த ஐந்து முகத்தோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். 'சொன்னது யார்?' ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு எழுவாய். இந்தப் பெயரை வைத்தது போலீஸா, பத்திரிகையா, கட்சியா, பாதிக்கப்பட்டவரா, நாங்களா? எந்த வருஷம் வைத்தார்கள்? பிற்பாடு மாற்றினால் யார் மாற்றினார்கள்? எல்லாம் சீட்டிலேயே இருக்கும். கை தெரியாத லேபிள் ஒன்றுகூட எங்கள் ஆவணகத்தில் ஏறாது. ஃபூக்கோவை மேற்கோள் காட்டத் தெரிந்த தோழர்கள் இதைச் 'சொல்லாடலின் அதிகாரம்' என்பார்கள். சொல்லட்டும். பெரியம்மை அதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

மறுபடியும் அவளிடம் போனேன். பீடித் தட்டு மடியில் இருந்தது.

"பெரியம்ம, என்னன்னு போடட்டும்?"

"என்னத்தப் போட? கொன்னாவன்னு போடு."

எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீல் தோழர் பயந்தார். ஸ்டேஷன் தற்கொலை என்று முடித்த வழக்கை நாம் கொலை என்று போட்டால் வம்பு வரும் என்றார். அடித்தவர்கள் பெயர் வரும் இடங்களில் ஒலியை அடைத்துவிடச் சொன்னார். செய்தோம். அதற்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தப் பெயர்கள் எங்கள் பீரோவில் இருக்கின்றன. பெரியப்பா பெயரைப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இலை கத்தரித்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு பேரப் போடு. எம் பேரு வேண்டாம்ட்டி. பேரன் வெளியூர்ல வேல பாக்கான்."

இப்போது அந்தப் பதிவில் இப்படி இருக்கிறது. வகை: வாக்குமூலம். குறிச்சொற்கள்: குளத்து மடை, தண்ணீர் உரிமை, அடி. காவல் நிலையம் வைத்த பெயர்: வயிற்றுவலி, தற்கொலை. மனைவி வைத்த பெயர்: கொலை. முதலில் நாங்கள் வைத்த பெயர்: ஒப்பாரி. பிழை, திருத்தப்பட்டது.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாமே, நமக்கு அசிங்கம் என்றான் தம்பி. கூடாது என்றேன். அதுவும் ஒரு கை. அது எங்கள் கை.

தோழர்களே, உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய நோட்டீஸ், பத்திரிகை, வழக்குக் கட்டு கிடக்கும். தூசி தட்டுங்கள். படமெடுங்கள். ஆனால் பெயர் வைக்கும் முன்னால் அந்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.